மணவிழாவில் மல்லாரி

திருமண வினையின்கண் நாகசுரமும் தவிலும் ஒலித்தல் தமிழகத்தில் நெடுநாள் வழக்கு. அவ்விசையைக் கேளாது உரையாடிக்கொண்டிருத்தலும் இக்காலத்து வழக்காயிற்று, அது நிற்க. திருக்கோயிலுக்கே உரிய மல்லாரியை மணமகன் ஊர்வலத்தில் வாசிக்குமாறு இல்லத்தார் சிலர் வேண்டுகின்றனர். அது பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

மல்லாரி சாகித்தியம் இல்லாத உருப்படி; கம்பீர நாட்டை இராகத்தில் அமைந்தது; இறைவன் திருவுலாப் போதருங்கால் வாசிக்கப்பெறுவது. தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என அதன் வகைகள் பெயர் பெற்றிருத்தலை நோக்குக. தேர் அவன் ஊர்வது. தீர்த்தம் அவன் திருமஞ்சனத்துக்கு. தளிகை அவனுக்குப் படைக்கும் அமுது. சொல் ஒன்றும் இல்லையாயினும், அதனைக் கேட்ட அளவிலே 'சுவாமி புறப்பட்டார்' என்று உணர்ந்து வீதியிலுள்ளார் வாயிலில் வந்து கைகூப்புவர். அவ்வொலியை மணமகன் காருக்கு முன் வழங்கினால் அக்குறிப்பு அழிந்தொழியும்.

மணவினைக்கு உரியன வேறு உள. ஊர்வலத்தில் தோடி, காம்போதி முதலிய இராகங்களை விரித்து ஆலாபனை செய்வர். தோடி என்றவுடன் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையை (1898–1956) நினையாத இசையன்பர் இலர். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி, குறிஞ்சி போல்வன. தாலி கட்டும் வேளையிலோ கெட்டிமேளம். புரோகிதர் விரலை அசைத்ததும், அதுவரை நிகழ்ந்த இராகம் இடையே அறுபட, கழியும் கூடணிந்த விரல்களும் தவிலின் இருமுகத்தையும் விரைந்து முழக்கும். தும்மல், அழுகை, அமங்கலச் சொல் எதுவும் அக்கணத்தில் செவிப்படாதிருத்தற்பொருட்டு என்பர் பெரியோர். அம்முழக்கம் வினையின் உறுப்பேயன்றி அணியன்று. இத்துணை வளம் இருக்க, இறைவனுக்குரியதையும் வேண்டுவானேன்?

'மணமக்களை அம்மையப்பராகவே கருதுகின்றோம். ஆதலின் மல்லாரி தகும்' என்பாரும் உளர். அற்றன்று. கருதுதல் பாவனை, பாவனையால் பொருள் திரியாது. முத்தியினும் உயிர் சிவானந்தத்தை நுகர்வதன்றி ஐந்தொழிற்கு உரியதாகாது என்பது நம் சித்தாந்தத் துணிபு. வீடுபெற்ற உயிர்க்கே அவ்வரம்பு உண்டெனின், மணவறையில் அமர்ந்த உயிர்க்குக் கூறவேண்டுமோ?

இதில் கலைஞரைக் குறைகூறல் முறையன்று. பொருள் கொடுப்போர் கேட்கின், மறுத்தல் அவர்க்கு எளிதன்று. யாம் அறிந்த முதிய நாகசுரக்காரர் ஒருவர், மல்லாரி வேண்டிய இல்லத்தாரிடம் ஒன்றும் சொல்லாது, கம்பீர நாட்டையை மட்டும் கால்நாழிகை ஆலாபனை செய்து நிறுத்தினார். கேட்டவர் மல்லாரியே ஆயிற்று என மகிழ்ந்தனர்! அவர் செய்தது முறையே. விலக்கு உருப்படிக்கேயன்றி இராகத்துக்கு அன்று.

இனி, திருக்கோயிலிலேயே மணம் நிகழ, அவ்வேளை சுவாமி புறப்பாடும் நேருமாயின் மல்லாரி தடையின்றி ஒலிக்கலாம். அது சுவாமிக்கு உரியது. மணமக்கள் எழுந்து நின்று தொழுவாராக.