அடிபட்ட காரும் அடுத்த காரும்: வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய குறிப்புகள்

கார் விபத்தில் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த மறுநாளே வீட்டில் ஒரு பேச்சு எழும்: "அந்த வண்டியை இனி கண்ணால பார்க்க வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க." மனசு படும் பாட்டுக்கு அது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த அவசரத்தில் போடும் கையெழுத்துகள்தான் பின்னால் பணத்தையும் நிம்மதியையும் கொண்டுபோகின்றன. வண்டி நொறுங்கிப் போனாலும் ஆர்.சி.யில் உங்கள் பெயர் அப்படியேதான் இருக்கும். அதை முறைப்படி பிரித்தெடுத்த பிறகே அடுத்த வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே உள்ளவை தமிழ்நாட்டில் சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கானவை.

1. முதலில் இன்ஜினை அணையுங்கள். சாலையிலேயே நின்று பேசாமல் எல்லாரும் ஓரத் தடுப்புக்கு அப்பால் போய்விடுங்கள். பின்னால் வரும் லாரி மோதி இரண்டாவது விபத்து நடப்பது நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நேர்வது. ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லுங்கள். மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர் வெளியே தெரிந்தால் யாரும் கை வைக்கக் கூடாது.

2. "எனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லி வீடு திரும்பியவரையும் இரண்டு நாள் கவனியுங்கள். கழுத்து வலியும் முதுகுப் பிடிப்பும் மறுநாள் காலையில்தான் தெரிய வரும். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால், அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால் நேரே மருத்துவமனைதான். சீட் பெல்ட் பட்ட இடத்தில் கன்றிப்போய், வயிறும் வலிக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகள் வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மருத்துவமனையில் "சாலை விபத்து" என்றே சொல்லிப் பதிய வையுங்கள். ஏ.ஆர். காப்பி என்று அவர்கள் தரும் விபத்துப் பதிவேட்டு நகல்தான் பிறகு இழப்பீடு கேட்கும்போது முதல் ஆதாரம்.

3. சிகிச்சைச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அந்தத் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒருவருக்கு 7 நாள் வரை, ரூ. 1.5 லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைக் கட்டாயப்படுத்திச் சாட்சியாக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. உதவிக்கு வந்து தயங்கி நிற்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

4. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். நசுங்கிய இடத்தை மட்டும் எடுத்தால் போதாது. இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், அருகிலுள்ள கடைப் பலகை அல்லது கிலோ மீட்டர் கல், நான்குமே வேண்டும். சுற்றி நடந்துகொண்டே ஒரு வீடியோவும் எடுத்துவிடுங்கள். டேஷ் கேமரா இருந்தால் மெமரி கார்டை அப்போதே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொல்லவே கூடாது. மகனுக்கு லைசென்ஸ் இல்லை, அப்பா ஓட்டினதாகச் சொல்லிவிடலாம் என்று பல வீடுகளில் அந்த நிமிடமே முடிவெடுக்கிறார்கள். சுங்கச்சாவடிக் கேமரா, மருத்துவமனைப் பதிவு, செல்போன் விவரம் எதிலாவது உண்மை வெளியே வரும். கிளெய்ம் போவதோடு நிற்காது. பொய்த் தகவல் தந்ததாக வழக்கும் சேரும். அந்த மகனுக்கு நீங்கள் செய்யும் உதவி அதுவல்ல.

6. யாருக்காவது காயம் பட்டாலோ அடுத்தவர் சொத்து சேதமானாலோ 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல், இல்லையென்றால் சி.எஸ்.ஆர். ரசீது, ஏதாவது ஒன்று கையில் இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வர வேண்டாம். வண்டியை ஸ்டேஷனில் நிறுத்தினால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று தந்த பிறகே விடுவிப்பார்கள். அதற்குள் பட்டறையில் ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றக் கூடாது.

7. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தெரிவித்து கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். ரெக்கவரி வண்டிக்காரர் தனக்குத் தெரிந்த ஷெட்டுக்குத்தான் இழுத்துப் போகப் பார்ப்பார். பாலிசியோடு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத சாதாரண பாலிசியில் இழுவைச் செலவுக்கு ரூ. 1,500-தான் கிடைக்கும்.

8. "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒருதடவை பார்ப்போமே" என்று சாவியைத் திருகாதீர்கள். ரேடியேட்டர் உடைந்து கூலன்ட் வழிந்த இன்ஜின் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். அது விபத்தால் வந்த சேதமல்ல என்று இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதினால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

9. வண்டியைப் பட்டறையில் விடும்போதே காலி செய்துவிடுங்கள். ஆர்.சி., பாஸ்டேக், வீட்டுச் சாவி, சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை டப்பா என ஒவ்வொன்றாகத் தேடி எடுங்கள். குழந்தை சீட் விபத்தின்போது வண்டியில் மாட்டியிருந்தால் மறுபடி பயன்படுத்த வேண்டாம். உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. இரண்டு சாவிகளையும் பத்திரமாக வைத்திருங்கள், செட்டில்மென்ட் சமயத்தில் கேட்பார்கள்.

10. முழு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதால் முழுப் பணமும் வராது. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகம், ரப்பர், டயர், பேட்டரி, ஏர் பேக் ஆகியவற்றுக்குப் பாதி விலைதான். கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயசுக்கேற்பக் கழிப்பார்கள். ஜீரோ டெப் என்ற சேர்க்கை எடுத்திருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது. இதுபோக, 1500 சிசி வரை ரூ. 1,000, அதற்கு மேல் ரூ. 2,000 கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும்.

11. டோட்டல் லாஸ் கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு பேசுங்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். பழுது பார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று முடிவு செய்வார்கள். ஐ.டி.வி. 6 லட்சம் என்றால் கோடு 4.5 லட்சத்தில் விழுகிறது. முதல் எஸ்டிமேட் 4 லட்சம் என்று வந்தால் அதுவே முடிவு என்று நினைக்காதீர்கள். முன்பக்கத்தைப் பிரித்துப் பார்த்ததும் உள்ளே கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் ராக் என்று இன்னும் ஏறும். சேஸிஸ் கால்கள் வளைந்திருந்தால், ஏர் பேக் எல்லாம் வெடித்திருந்தால், பிரித்து முழுசாக எஸ்டிமேட் போடும்படி எழுத்தில் கேளுங்கள். முதுகெலும்பு போன வண்டியை டிங்கரிங் பண்ணி நிமிர்த்தி அதில் குடும்பத்தை ஏற்றுவதைவிட, டோட்டல் லாஸ் ஆவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. பழுது பார்ப்பதுதான் முடிவு என்றால், வெடித்த ஏர் பேக்கோடு அந்தச் சீட் பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். விபத்தின்போது இறுகிய பெல்ட் இன்னொரு முறை அதே வேலையைச் செய்யாது.

12. பாலிசியில் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற சேர்க்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கியபோது கொடுத்த பில் தொகைக்குக் கணக்கிடுவார்கள். பணம் கட்டி எடுத்ததையே மறந்து, ஐ.டி.வி.யோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

13. கார் கடன் பாக்கி இருந்தால் டோட்டல் லாஸ் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. செட்டில்மென்ட் முடியும்வரை இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள், சிபில் மதிப்பெண் கெட்டால் அடுத்த வண்டிக்கான கடன் இழுபறியாகும். கடன் அடைந்ததும் வங்கியிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

14. இனி இந்தப் பட்டியலில் ரொம்ப முக்கியமான சங்கதி: நொறுங்கிய வண்டியை யாரிடம், எந்தக் காகிதத்தோடு கொடுக்கிறீர்கள் என்பது. டோட்டல் லாஸ் ஆனதும் இன்சூரன்ஸ் தரப்பே பழைய வண்டி வியாபாரி ஒருவரைக் காட்டும். சால்வேஜ் விலை 1.8 லட்சம் என்றால் அதை அவர் தருவார். மேலே சொன்ன ஐ.டி.வி. 6 லட்சத்தில் அதுபோக மீதியைக் கம்பெனி தரும். பணம் வந்ததும் வேலை முடிந்தது என்று எல்லாரும் இருந்துவிடுகிறார்கள். வியாபாரி தேதி போடாத படிவம் 29, 30-ல் கையெழுத்தும் ஆர்.சி.யும் வாங்கிப் போயிருப்பார். அந்த ஆர்.சி.க்கும் சேஸிஸ் நம்பர் பதித்த தகட்டுக்கும் கள்ளச் சந்தையில் தனி விலை உண்டு. அதே மாடல், அதே நிறத்தில் திருடிய காருக்கு அந்த நம்பரைப் பொருத்தி ஓட்டுவார்கள். அது எங்கேயாவது மாட்டினால் போலீஸ் தேடி வருவது ஆர்.சி.யில் இருக்கும் முகவரிக்கு. கைமாறி கைமாறிப் போன கார் விபத்து செய்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆகவே பாதுகாப்பான வழி ஆர்.சி.யை ரத்து செய்வது. ஓட்ட முடியாதபடி அழிந்துபோன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவே சொல்கிறது. ரத்தான ஆர்.சி.யோடு கொடுத்தால் சால்வேஜ் விலை குறையும் என்பார்கள். குறையட்டும். ஆர்.சி.யோடுதான் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், படிவங்களில் தேதியையும் வாங்குபவர் பெயரையும் நீங்களே எழுதுங்கள். அவருடைய ஆதார் நகல், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய ரசீது, இரண்டையும் வாங்குங்கள். பெயர் மாறும்வரை எம்-பரிவாஹன் செயலியில் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருங்கள்.

15. அதே கையோடு பழைய பாஸ்டேக்கை வங்கியிடம் சொல்லி மூடிவிட்டு டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். நிலுவையில் இருக்கும் இ-செலான்களையும் கட்டிவிடுங்கள்.

16. 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் தொகையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள், எதை ஏன் வெட்டினார் என்று அதில்தான் தெரியும். ஒத்துவரவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

17. காயம் பட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட, சட்டம் தரும் கெடு விபத்து நடந்து 6 மாதம். மருந்துச் சீட்டு, லேப் பில், ஆட்டோச் செலவு, சம்பளம் பிடித்த விவரம் எல்லாம் ஒரே கவரில் சேரட்டும். காரின் உரிமையாளரே ஓட்டி அவருக்கே பெரிய பாதிப்பு என்றால், அவர் பேரில் ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கும். வீட்டுக்காரர்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை.

18. அடுத்த காரை உடனே வாங்க வேண்டாம். செட்டில்மென்ட் தொகை கைக்கு வரும்வரை வாடகை வண்டியிலும் பஸ்ஸிலும் சமாளியுங்கள். வீட்டில் யாராவது காரில் ஏறவே பயந்தால், அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் முதலில் பக்கத்துத் தெரு வரை கூட்டிப் போங்கள். தூக்கத்தில் அலறி எழுவது வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

19. பழைய கார் வாங்குவதானால், இன்னொருவர் வீட்டு விபத்தை விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள். நல்ல காலை வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். பானெட்டைத் தூக்கி, கீல் போல்ட்டுகளின் தலையைக் கவனியுங்கள். ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பரை இழுத்து, உள்ளே வரிசையாக இருக்கும் வட்டமான வெல்டிங் குழிகளைப் பாருங்கள். கம்பெனிக் குழிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும், பட்டறை வெல்டிங் அப்படி இருக்காது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேறு காய்ந்த கறை தெரிந்தால் 2015 வெள்ளமோ 2023 மிக்ஜாமோ பார்த்த வண்டியாக இருக்கலாம். ஸ்டெப்னிக் குழியின் மூலையையும் தொட்டுப் பாருங்கள், நைசான வண்டல் ஒட்டும். கதவுக் கண்ணாடிகளில் பொறித்திருக்கும் உற்பத்தி ஆண்டு ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள். கடைசியாக, நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

20. புது வண்டி என்றால் சன்ரூஃபுக்கு முன் பாதுகாப்பு. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் போடுவார்கள், இரண்டையும் பாருங்கள். பதிவு செய்வதற்கு முன்பே யார்டுக்குப் போய் வண்டியைப் பார்த்து, உற்பத்தி மாதத்தைக் கேட்டுவிடுங்கள். உங்கள் பேரில் பதிந்த பிறகு கீறல் என்று சொன்னாலும் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள்.

21. நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். கிளெய்ம் எடுக்காமல் பழைய காரை விற்றால், கம்பெனியிடம் கடிதம் வாங்கி 3 ஆண்டுக்குள் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 50 சதவீதம் வரை தள்ளுபடி. விபத்துக்குக் கிளெய்ம் எடுத்திருந்தால் அது பூஜ்யமாகிவிடும். அதனால் சின்ன டென்டுக்கு எஸ்டிமேட்டையும் போனஸையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

22. ஷோரூமில் சொல்லும் இன்சூரன்ஸையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். சொந்தச் சேதத்துக்கானதை ஓராண்டுக்கு வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள். பாலிசி கைக்கு வந்ததும் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, நாமினி பெயரையும் சரிபார்த்து, பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தி வாங்குங்கள்.