கினோவா: விற்கும் முன் சமைத்துப் பார்ப்போம்
(மளிகை வணிகர்களுக்கான பொருள் பாடம்)



நமது கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி ஆகியவற்றைப் பற்றி எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்கிறோம். காரணம், அவை நம் வீட்டு அடுப்பில் தினமும் வேகும் பொருள்கள். ஆனால் புதிதாக வந்த ஒரு பொருளை, அதன் பெயரைக்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல், "எல்லோரும் கேட்கிறார்கள்" என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி அடுக்கிவிடுகிறோம். அப்படி வாங்கிய ஒரு பொருளால் நான் பெற்ற பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து 5 கிலோ கினோவா வாங்கி, அரைக் கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டு வைத்தேன். பல ஆண்டுகளாக நம் கடையில் மாதச் சாமான் வாங்கும் ஓர் ஆசிரியை, சர்க்கரை நோய் உள்ள தம் தாயாருக்காக ஒரு பாக்கெட் வாங்கிப் போனார். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"அண்ணே, இது ஒரே கசப்பு. அம்மா ஒரு வாய்க்கு மேல சாப்பிடல. பழைய சரக்கா?" என்றார்.

"எப்படிம்மா சமைச்சீங்க?" என்று கேட்டேன்.

"அரிசி மாதிரி ஒரு தடவை அலசிட்டு வெச்சேன். வேற எப்படி வைக்கணும்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் பெரிதல்ல. ஆனால் அடுத்த இரண்டு மாதம் அந்த அம்மையார் சாமான் வாங்க வரவில்லை. சரக்கில் குற்றம் இல்லை, கழுவும் முறையில்தான் குற்றம் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை கைவிட்டுப் போயிருக்காது.

கினோவா என்பது என்ன?

இது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளையும் பயிர். பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளும் இதன் முக்கிய விளைநிலங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2013ஆம் ஆண்டைச் சர்வதேசக் கினோவா ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு உலகச் சந்தையில் இதன் பெயர் மேலும் பரவியது. இந்தியாவில் ஆந்திர மாநிலம் அனந்தபூர் பகுதியிலும், ராஜஸ்தானிலும் பயிரிட்டிருக்கிறார்கள். ஆகவே பாக்கெட்டில் இருப்பது எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம்.

நெல், கம்பு, தினை ஆகியவை புல் இனத்தைச் சேர்ந்தவை. கினோவா புல் இனம் அல்ல, கீரை இனம். நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்று சொல்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. கீரையின் விதையைத் தானியம் போல் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் எளிதில் புரியும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என மூன்று நிறங்களில் வருகிறது. வெள்ளை மென்மையாக வேகும். சிவப்பும் கறுப்பும் சற்று நறுக்கென்று இருக்கும், வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். முதன்முதலில் வாங்குபவருக்கு வெள்ளையையே கொடுங்கள்.

புதுவையில் யார் கேட்கிறார்கள்?

மற்ற ஊர் வணிகரைவிடப் புதுவை வணிகருக்கு இந்தப் பொருள் முன்னதாகவே அறிமுகமாக வாய்ப்பு உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள், ஊர் வழக்கில் சொல்தா வீட்டார், விடுமுறைக்கு வரும்போது பிரான்சில் பழகிய பொருள்களைக் கேட்பது நாம் அறிந்ததே. ஆரோவில்லில் வசிப்பவர்களும், கடற்கரைப் பக்கத் தெருக்களில் விருந்தினர் விடுதி நடத்துபவர்களும் கேட்கிறார்கள். இவர்களுக்குச் சமைக்கும் முறையை நாம் சொல்ல வேண்டியதில்லை. முத்தியால்பேட்டையிலும் இலாசுப்பேட்டையிலும் இருந்து, "டாக்டர் சொன்னார்", "டி.வி.யில் பார்த்தேன்" என்று வருபவர்களுக்குத்தான் நம் உதவி தேவை. கினோவா, கீன்வா, குயினோவா என்று பலவாறு கேட்பார்கள். மூன்றும் ஒன்றே.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

இதன் மேல்தோலில் சபோனின் என்ற பொருள் உள்ளது. பூந்திக்கொட்டையில் நுரை வருவதற்குக் காரணமான அதே வகைப் பொருள்தான். பறவைகள் தின்றுவிடாமல் செடி தன்னைக் காத்துக்கொள்ள அந்தக் கசப்பு உதவுகிறது. ஆலையில் தோலை உரசியும் கழுவியும் நீக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் மிச்சம் இருக்கும். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு அளவும் மாறும்.

கழுவும் முறை: ஒரு பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, விதையை உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நுரை வரும். தண்ணீரை வடித்து மீண்டும் கழுவ வேண்டும். நுரை நிற்கும் வரை நான்கைந்து முறை கழுவினால் போதும். விதை மிகச் சிறியது. சாதம் வடிக்கும் தட்டின் துளை வழியே ஓடிவிடும். மெல்லிய துணியிலோ டீ வடிகட்டியிலோ வடிக்கச் சொல்லுங்கள். பிறகு கால் மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும்.

வேகவைக்கும் முறை: ஒரு டம்ளர் கினோவாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, 15 நிமிடம் வேகவிட வேண்டும். தண்ணீர் வற்றி, ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வெள்ளை நூல் போல் ஒரு வளையம் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் மூடியே வைத்து, பிறகு கிளறினால் உதிரியாக வரும். ஒரு டம்ளர் ஏறக்குறைய மூன்று டம்ளராகப் பெருகும். விலையைக் கண்டு தயங்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

அன்றாடச் சமையலில்

கினோவாவை அரிசிச் சோறு போலப் பிசைந்து சாம்பார் ஊற்றிச் சாப்பிடலாம் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். அரிசியின் குழைவும் ஒட்டும் தன்மையும் இதில் இல்லை. ஆகவே நம் வீட்டில் செய்து பார்த்துச் சரியாக வந்தவற்றை மட்டும் தருகிறேன்.

1. உப்புமா: முதல் முயற்சிக்கு ஏற்றது இதுவே. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, கேரட், பீன்ஸ் வதக்கி, கழுவிய கினோவாவைச் சேர்த்து ஒரு நிமிடம் வறுத்த பின் இரண்டு மடங்கு தண்ணீர் விட வேண்டும். வறுப்பதால் வாசனை கூடும்.

2. எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம்: உதிரியாக வெந்த கினோவாவை ஆறவைத்துக் கலக்க வேண்டும். அலுவலகத்துக்கு டிபன் பாக்ஸில் எடுத்துப்போக நல்லது.

3. வெண்பொங்கல்: கினோவா ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் நான்கு டம்ளர். குக்கரில் குழைய வேகவைத்து மிளகு, சீரகம், இஞ்சி, நெய் தாளிக்க வேண்டும். பருப்பின் குழைவு கினோவாவின் குறையை மறைத்துவிடும். வயதானவர்கள் விரும்பிச் சாப்பிடுவது இதைத்தான்.

4. இட்லி, தோசை: இட்லி அரிசி இரண்டு டம்ளர், கினோவா ஒரு டம்ளர், உளுந்து முக்கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. கினோவாவைத் தனியே நன்றாகக் கழுவிய பிறகே அரிசியோடு ஊறவைக்க வேண்டும். கழுவாமல் அரைத்தால் மாவு முழுவதும் கசந்துவிடும்.

5. தயிர்ச் சாதம்: இதற்கு மட்டும் மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மத்தால் மசிக்க வேண்டும்.

வீட்டில் யாரும் சாப்பிட மறுத்தால், வழக்கமான சாதத்தில் நான்கில் ஒரு பங்கு வெந்த கினோவாவைக் கலந்து தொடங்கச் சொல்லுங்கள். நாக்கு பழகியபின் கூட்டிக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிக்கு என்ன சொல்வது?

இந்த இடத்தில்தான் வணிகர் மிகுந்த கவனத்தோடு பேச வேண்டும். சமைக்காத கினோவா 100 கிராமில் புரதம் சுமார் 14 கிராம், நார்ச்சத்து சுமார் 7 கிராம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் புரதம் அதில் பாதிதான், நார்ச்சத்து மிகக் குறைவு. இது கினோவாவின் பெருமை. ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்தும் 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்வது பொய். அதை நம்பி ஒரு நோயாளி தட்டு நிறையச் சாப்பிட்டாலோ, மாத்திரையைக் குறைத்தாலோ, கெடுதல் அவருக்கு. அரிசியின் இடத்தில் அளவோடு சாப்பிடலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே பதில்தான்.

நோயைக் குணமாக்கும் என்று கடை வாசலில் எழுதி வைப்பது சட்டப்படியும் தவறு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கினோவா ஏற்றது. ஆனால் கோதுமை அரைத்த மாவு மில்லில் அரைத்தால் கோதுமையும் கலந்துவிடும். அப்படிப்பட்டவர்களை முழு விதையாக வாங்கி வீட்டிலேயே அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் தினையும் சாமையும்

இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் 15 வகைத் தானியங்களுக்கு ஒரே தர விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் கினோவா இல்லை. ஆகவே கினோவா பாக்கெட்டில் "சிறுதானியம்" என்று அச்சிட வேண்டாம்.

"கினோவா வாங்கக் கட்டுப்படி ஆகவில்லை" என்று சொல்லும் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. தினையின் புரதம் கினோவாவுக்கு அதிகம் பின்தங்கியது அல்ல. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து கினோவாவைவிடப் பல மடங்கு அதிகம். விலையோ மிகக் குறைவு. மேலே சொன்ன உப்புமா, பொங்கல், தோசை எல்லாம் தினையிலும் சாமையிலும் செய்யலாம். கசப்பு நீக்கும் வேலை இல்லை, கல் அரித்து அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். அதிக விலைப் பொருளைத் தள்ளிவிடுவதைவிட, அவர் பைக்கு ஏற்ற பொருளைக் காட்டும் கடைக்கே அவர் மீண்டும் வருவார்.

சரக்குக் கணக்கு

கினோவாவில் 100 கிராமுக்குச் சுமார் 6 கிராம் கொழுப்பு உள்ளது. அரிசியில் ஒரு கிராம்கூட இல்லை. ஆகவே புதுவையின் வெயிலிலும் கடற்காற்றின் ஈரத்திலும் அரிசி மூட்டை போல் இதை வைத்திருக்க முடியாது. எண்ணெய்க் காறல் வாடை வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கிலோ 300 ரூபாய் வீதம் 5 கிலோ வாங்கினால் முதல் 1,500 ரூபாய். 345 ரூபாய்க்கு விற்றால் மொத்தம் 1,725, லாபம் 225. நான்கு கிலோ விற்று ஒரு கிலோ கெட்டுப்போனால் கைக்கு வருவது 1,380. லாபம் போய் 120 ரூபாய் நஷ்டம். விலை கூடிய, மெதுவாக ஓடும் சரக்கில் ஒரு கிலோ சேதம் முழு லாபத்தையும் தின்றுவிடும். எனவே மாதத்தில் எத்தனை பாக்கெட் போகிறது என்று குறித்து வைத்து, அந்த அளவே கொள்முதல் செய்ய வேண்டும்.

வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். நான்கு விதையை மென்று பாருங்கள். சிறிது தண்ணீரில் குலுக்கி நுரையைப் பாருங்கள். நாமே பாக்கெட் போட்டால் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதம், முகவரி, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய தானியத்துக்கு 2022 ஜூலை 18 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. இன்றைய விகிதத்தை உங்கள் கணக்காளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாடத்தின் சுருக்கம்

1. நுரை நிற்கும் வரை கழுவ வேண்டும்.
2. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், 15 நிமிடம்.
3. முதலில் உப்புமா, பிறகு மற்றவை.
4. நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.
5. குறைவாக வாங்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும்.

இப்போது என் கடையில் ஒவ்வொரு கினோவா பாக்கெட்டிலும் கழுவும் முறையையும் தண்ணீர் அளவையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை ஒட்டுகிறேன். அந்த ஆசிரியை மீண்டும் வந்தபோது முதல் சீட்டை அவரிடம்தான் கொடுத்தேன். பொங்கல் செய்து கொடுத்ததாகவும், தாயார் சாப்பிட்டதாகவும் பிறகு சொன்னார். இன்றும் மாதச் சாமான் நம் கடையில்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அரை டம்ளர் கினோவாவை நீங்களே கழுவி, சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை கல்லாவில் உட்காரும்போது, வாடிக்கையாளரின் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.