வெயிலும் பிளாஸ்டிக்கும்

தாழ்வாரத்தில் வெயில் படும்படி பழைய பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறீர்களா? விளிம்பைத் தொட்டால் பொடியாக உதிர்கிறதா? அது வெயிலின் வேலை. உதிர்வதில் 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். கழுவிவிட்டால் அவை வடிகால் வழியாகக் கடலுக்குப் போகலாம். வெயில் பிளாஸ்டிக்கை நொறுக்கும். ஆனால் அவ்வளவு எளிதில் கரைக்காது.

மீதி வேலையை முடிக்க அறிஞர்கள் ஒளி வினையூக்கிகளை ஆராய்கிறார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு அவற்றுள் ஒன்று. சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்திலும் இருக்கும் தூள்தான். புற ஊதா ஒளி பட்டால், அருகிலுள்ள நீரையும் ஆக்சிஜனையும் கொண்டு வீரியமான பொருள்களை அது உண்டாக்கும். அவை பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும். முழுவதும் அறுபட்டால் கரியமில வாயுவும் நீருமே மிஞ்சும். அரைகுறையாக நின்றால் இன்னும் சிறிய துகள்கள்தான் மிஞ்சும்!

2019இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வனேடியம் அடங்கிய வினையூக்கியால் பாலிஎத்திலீனை ஆறு நாள்களில் ஃபார்மிக் அமிலமாக மாற்றிக் காட்டினர். எறும்பு கடித்தால் எரியுமே, அந்த அமிலம்தான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், செயற்கைச் சூரிய ஒளியில் நடந்தது. ஓடும் நீர் ஆறு நாள் காத்திருக்காது.

ஆகவே, ஒளியால் நுண்பிளாஸ்டிக்கை அழிப்பதாகச் சொல்லி யாராவது கருவி விற்க வந்தால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். சிங்கப்பூரில் குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். தண்ணீர்ப் போத்தலை வெயிலில் வைக்க வேண்டாம். உதிரும் வாளியைக் கழுவாமல், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.