ஒரு நாணயம், இரண்டு கொடிகள்: புதுச்சேரி ரூபாய் குறித்து ஓர் ஆய்வு

‘துட்டு’ என்னும் சொல்லை நாம் பேச்சுவழக்கில் இன்றும் கேட்கிறோம். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தம் செப்புக் காசுகளுள் ஒன்றுக்கு இப்பெயரையே வழங்கி, அதன் ஒரு புறத்தில் ‘புதுச்சேரி’ எனத் தமிழிலேயே பொறித்தனர். காசு, துட்டு, பணம் ஆகிய சிறு நாணயங்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு உரியவை. எட்டுப் பணம் கொண்டது ஒரு ரூபாய். அந்த ரூபாயோ, பிரெஞ்சு எல்லைக்கு அப்பாலும் செல்லுபடியான பொது நாணயம். கொடி ஒருவருடையது, நாணயத்தின் மதிப்பை உறுதி செய்பவர் மற்றொருவர் என்ற நிலையில் ஓர் ஊருக்குப் பொருளாதார நெருக்கடி நேர்ந்தால், அதன் சுமை யார்மீது இறங்கும்? இவ்வினாவைப் புதுச்சேரி வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஷெர்ஷா சூரியின் காலத்தில் (1540–1545) செம்மையுற்ற வெள்ளி ரூபாயை முகலாயர் நாடெங்கும் பரப்பினர். 1736ஆம் ஆண்டில் ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். இம்முயற்சியில் ஆர்க்காட்டு அவையைச் சேர்ந்த இமாம் சாகிபு துணைநின்றதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தொடக்கப் பகுதி தெரிவிக்கிறது. அச்சாலை புதுச்சேரியில் இருந்தது; நாணயத்தின்மீது பாரசீக எழுத்தில் தில்லிப் பேரரசரின் பெயர் இருந்தது; புதுச்சேரி அச்சாலைக்கு அடையாளமாகப் பிறை பொறிக்கப்பட்டது. பிரெஞ்சு மன்னரின் ஊழியர் தில்லிப் பாதுஷாவின் பெயரால் நாணயம் அடித்தது இன்று வியப்பளிக்கலாம். வணிகர் நம்பி வாங்கிய நாணயம் அதுவே, வேறு வழியில்லை!

வெள்ளியின் எடையே ரூபாயின் மதிப்பாக இருந்தவரை, நாணயத்தைப் பகிர்ந்துகொள்வதில் பெருஞ்சிக்கல் எழவில்லை. 1893இல் நிலைமை மாறியது. தனியார் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பிரித்தானிய இந்திய அரசு நிறுத்திற்று. அன்று முதல் ரூபாயின் மதிப்பு வெள்ளியைச் சார்ந்ததாக இல்லாமல், இலண்டனும் கல்கத்தாவும் எடுக்கும் முடிவைச் சார்ந்ததாயிற்று. 1875இல் நிறுவப்பெற்ற இந்தோசீன வங்கி புதுச்சேரிக்கெனப் பிரெஞ்சு மொழியில் ரூபாய்த் தாள்களை அச்சிட்டது உண்மையே. தாள் பிரெஞ்சுத் தாள். மதிப்போ பிரித்தானிய இந்திய ரூபாயின் மதிப்பு.

1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு ரூபாய்க்கு 18 பென்சு என விகிதத்தை உறுதிசெய்தது. முன்பு நிலவிய 16 பென்சே போதும் என்று, இதை ஆராய்ந்த ஆணையத்தின் உறுப்பினரான புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் மறுப்புக் குறிப்பு எழுதினார். இரண்டு பென்சில் என்ன இருக்கிறது என மாணவர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பவுன் என்பது 240 பென்சு. ஒரு பவுனுக்குத் துணி விற்ற ஆலைக்குப் பழைய விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். புதிய விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 தம்படியே கிடைக்கும். அந்த இழப்பை ஈடுசெய்ய ஆலை முதலாளியால் நாணய விகிதத்தை மாற்ற இயலாது. அவர் கைக்கு எட்டுவது தொழிலாளியின் கூலியும் வேலை நேரமுமே. தாக்கூர்தாஸுக்கு மறுத்தெழுதவேனும் ஓர் இடம் இருந்தது. அதே ரூபாயை வழங்கிய புதுச்சேரிக்கு அதுவும் இல்லை.

1929க்குப் பின் உலகப் பெருமந்தம் வந்தது. 1931 செப்டம்பரில் பவுன், தங்கத்தின் பிணைப்பிலிருந்து விலகியபோது ரூபாயும் அதனுடன் இறங்கியது. பிராங்கு 1936 வரை தங்கத்தோடு நின்றது. அதனால் பிராங்கு வழங்கிய நாடுகளில் புதுச்சேரித் துணி மலிந்திருக்க வேண்டும் என்று வாதிடலாம். சந்தையே சுருங்கிய காலத்தில் அம்மலிவு எவ்வளவு உதவியிருக்கும் என்பது ஐயத்திற்குரியது.

1936இல் சவானா, ரோடியர், கெப்ளே ஆலைகளின் தொழிலாளர் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கோரிப் போராடினர். வ. சுப்பையா அவர்களுக்கு வழிகாட்டினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாரிசில் பிளூம் அரசு தொழிலாளர்க்கு உரிமைகளை வாரி வழங்கியது. ஜூலை 30 அன்று புதுச்சேரியில் அதே கொடியின்கீழ் பன்னிரு தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இக்கொடுமைக்கு நாணய விகிதமே காரணம் என்று நாம் கூற வரவில்லை. நாணயத்தால் தாங்க இயலாத அதிர்ச்சி மனித உடல்மீது இறங்கும்போது, அதைத் தடுக்க அரசியல் உரிமையன்றி வேறு அரண் இல்லை என்பதே நம் கருத்து. அவ்வுரிமை 1937இல்தான் ஆணையாக வந்தது.

இஃது பழங்கதை அன்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் ஊரில் வாழ்கின்றனர். 2002 முதல் அவர்தம் ஓய்வூதியம் பிராங்கிற்கு மாற்றாக யூரோவில் வருகிறது. அந்த யூரோவைப் பகிர்ந்துகொண்ட கிரேக்க நாடு 2010இல் கடன் நெருக்கடியில் வீழ்ந்தது. தனி நாணயம் இருந்திருப்பின் அதன் மதிப்பைக் குறைத்திருக்கலாம்; அது இல்லாமையால் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டுண்டன. 2015 ஜூலை 5 அன்று வாக்களித்தோரில் 61 விழுக்காட்டினர் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை மறுத்தனர்; எட்டே நாளில் அரசு கடுமையான நிபந்தனைகளுக்கு இணங்கிற்று. ஐரோப்பியருக்குப் பொது வங்கி பிராங்க்பர்ட்டில் உண்டு. இடருற்ற உறுப்புக்கு உரிமையாய் அள்ளிக்கொடுக்கும் பொதுக் கருவூலம் இல்லை.

1954 நவம்பர் 1 முதல் நாம் இணைந்துள்ள இந்திய ஒன்றியத்தில் அத்தகைய கருவூலம் உண்டு. நடுவண் வரிகளில் மாநிலங்களுக்குரிய பங்கை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. புதுச்சேரியோ சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதி, மாநிலம் அன்று. ஆகவே அப்பகிர்வில் அதற்கு உரிமைப் பங்கு கிடையாது. நடுவணரசு அளிக்கும் மானியத்தையே எதிர்நோக்க வேண்டும். 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரிக்கான மன்றத்தில் மட்டும் மாநிலங்களோடு ஒக்க அதற்கு ஓர் இருக்கை உண்டு. வரி விதிக்கும் அவையில் இடம், வரியைப் பங்கிடும் பந்தியில் இடமில்லை என்னும் இம்முரணை நீக்கவே, மாநிலத் தகுதி வேண்டிச் சட்டமன்றம் பன்முறை தீர்மானம் இயற்றியுள்ளது. அத்தீர்மானங்களைக் கட்சிக்காரரின் பதவி வேட்கை என்று தள்ளிவிடுவோரும் நம்மிடையே உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை.