பானைக்குள் நாகம்

உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்த நம் முன்னோர் பாம்பை ஐம்பொறி உயிர்களின் வரிசையில் வைத்தனர். அறிவியல் பாடநூல்களோ பாம்புக்குக் காது கேளாது, தரையின் அதிர்வை மட்டுமே அது உணரும் என்று நெடுங்காலம் கூறி வந்தன. 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காற்றில் வரும் ஒலியையும் பாம்புகள் கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்வதைக் கண்டு வெளியிட்டனர். ஒலி கேட்டதும் சில வகைப் பாம்புகள் விலகிச் சென்றன. ஒரு வகை ஒலி வந்த திசை நோக்கியே நகர்ந்தது. ஐம்பொறியும் உடைய ஓர் உயிரை அடைத்து வைத்தால் அதற்கு நேர்வது என்ன என்பதே இப்பாடத்தின் பொருள்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பணியின் பொருட்டுத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் குடியேறியுள்ளனர். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டியே நெல்வயலும் ஏரிக்கரையும் கிடக்கின்றன. சிந்திய தானியத்தையும் எஞ்சிய உணவையும் நாடி எலி வரும். எலியை நாடிப் பாம்பு வரும். கொட்டகைத் தரையில் பாய் விரித்து உறங்கும் தொழிலாளியைக் கட்டுவிரியன் கடித்தால் பல வேளைகளில் வலியும் இராது, வீக்கமும் இராது; விடிவதற்குள் மூச்சு தளர்ந்துவிடும். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுள்ளது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நிலைகளுள் ஒன்றாக அறிவித்தது.

கடிபட்டவரைக் காக்க வல்லது நஞ்சுமுறி மருந்து ஒன்றே. அம்மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் நஞ்சு. நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாக ஓரிடத்திலிருந்தே சென்றுள்ளது. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி. தெற்கே, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. 1997க்கு முன் இரண்டும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வடநெம்மேலியில் 1978இல் தோன்றியதே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். முன்னர் இருளர் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அப்பிழைப்பை முடித்தன. கொன்று தோலுரித்த கைகளே, கொல்லாமல் நஞ்செடுத்து விடுவிக்கும் வழியை ராமுலஸ் விட்டேகர் என்னும் பாம்பியல் அறிஞரின் துணையோடு அமைத்துக்கொண்டன. அறநெறி பேசும் நாம் இதைச் சிறு செய்தியாகக் கருதலாகாது. அம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு வகைகளே பிடிக்கப்படுகின்றன. அவற்றை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். வாரம் ஒரு முறை தலையைப் பற்றி, மெல்லிய தோல் போர்த்த கலத்தைக் கடிக்கச் செய்கின்றனர். நஞ்சு சொட்டாக உள்ளே இறங்கும். பல்லைப் பிடுங்குவதில்லை. நான்கு முறை எடுத்தபின் பாம்பை வெளியில் விட்டுவிடுகின்றனர். விரைவில் மீண்டும் பிடிபடாதிருக்க, வயிற்றுச் செதிலின் ஓரத்தைச் சிறிது கத்தரித்து அடையாளமிடுவர்.

பானையில் இருப்பது பாம்புக்குத் துன்பமன்றோ என வாசகர் வினவலாம். வினவ வேண்டிய வினாவே. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் சாரை இனப் பாம்புகளை இரு பிரிவாக வளர்த்தனர். ஒரு பிரிவுக்கு வெறுங்கூடு. மற்றதற்கு ஒளிய இடமும் ஏறக் கொம்பும். 2006இல் வெளியான அம்முடிவின்படி, வளமான கூட்டில் வளர்ந்தவை புதிய இடத்துக்கு எளிதில் பழகின; வைத்த தேர்வையும் விரைவில் முடித்தன. 2019இல் கிளிஃபர்ட் வார்விக் முதலியோர், இடம் வாய்த்தால் பாம்புகள் உடலை நேராக நீட்டிக் கிடப்பதைப் பதிவு செய்து, தன் உடல் நீளத்திற்குக் குறைந்த கூடு எந்தப் பாம்புக்கும் போதாது என்றனர். உடலுக்கு வேண்டிய வெம்மையைச் சூழலிலிருந்தே பெறும் உயிர் அது. ஆகவே கூட்டின் ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் குளிர்ச்சியும் வேண்டும். கண்ணாடியில் ஓயாது மூக்கை உரசும் பாம்பு விளையாடவில்லை. வெளியேற வழி தேடுகிறது.

இவ்வளவைகளால் அளந்தால் பானை தேறாது. நீண்டு கிடக்க அதில் இடமில்லை. ஆயினும் இருளும் மறைவும் பாம்பு நாடுபவை. மண்கலம் வெயிலில் குளிர்ச்சி தருவது. சிறையோ சில வாரங்களே. ஒளி பாயும் கண்ணாடிப் பெட்டியில், மறைவிடமின்றி, ஆயுள் முழுதும் காட்சிக்கு வைக்கப்பட்ட பாம்பின் நிலை இதனினும் கொடிது என்பதே நம் கருத்து. அதனினும் கொடியது, பல்லைப் பிடுங்கி வாயைத் தைத்துத் தெருவில் ஆட்டுவது. சட்டம் அதைத் தடை செய்தும் பால் வார்ப்போர் உள்ளவரை அது முற்றும் ஒழியவில்லை. பாம்பின் உணவு பாலன்று. நாவறண்ட பாம்பு எதையும் குடிக்கும், குடித்தபின் நோயுறும். பார்சுவநாதர் திருமுடிமேல் படம் விரித்த நாகத்தை நாள்தோறும் காணும் நம் இல்லத்தாருள்ளும், அண்டை வீட்டாரைக் கண்டு புற்றுக்குப் பால் கொண்டு செல்வோர் உளர். அவர்கள் இவ்வரியை மறுமுறை வாசிப்பாராக.

பாம்போடு வினா முடிவதில்லை. எடுத்த நஞ்சைச் சிறுசிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தே மருந்து செய்கின்றனர். 1890களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்பெர் கால்மெத் தொடங்கிய முறை அடிப்படையில் மாறவில்லை. குதிரை கொல்லப்படுவதில்லை, எனினும் அது தானாக விரும்பிக் கொடுப்பதன்று. மேலும், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊர்தோறும் வேறுபடும். தமிழகத்துப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்து பிற மாநிலங்களில் சில கடிகளுக்குச் சரிவர வேலை செய்வதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியுள்ளனர்.

அக்குழுவினரும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தாரும் 2024இல், குதிரையின்றி ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிய ஓர் எதிர்ப்புப் பொருளை வெளியிட்டனர். நாகம், கட்டுவிரியன் முதலிய பாம்புகளின் நஞ்சிலுள்ள, நரம்பைத் தாக்கும் ஒரு கூற்றை அது முறிக்கிறது. அதை எலிகளிடத்துச் சோதித்தே கண்டனர். குருதியைக் கெடுக்கும் விரியன் நஞ்சுக்கு அது பயன்படாது. ஆகவே இரவுப்பணி முடித்துத் தரையில் உறங்கும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளியைக் கண்ணாடி விரியன் தீண்டினால், அரசு மருத்துவமனையில் அவர் கையில் ஏறும் மருந்து இன்றும் பானையிலிருந்தும் குதிரையிடமிருந்தும் வந்ததே.