மண் தின்னும் ஆசை

வாவிக்கரைக் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிகள் சிலர் சுவர் மண்ணையும் புற்று மண்ணையும் மறைவில் தின்பதை, வாசகர்களே, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய ஆசைதான். சேரமான் யானைக்கட்சேயின் மண்ணைக் கருவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்பரேயன்றிப் பகைவர் உண்ணார் என்று புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் பாடியிருக்கிறார்.

செம்மண்ணில் இரும்பு இருக்கிறதே, நல்லதுதானே என்று கேட்பீர்கள். இருக்கிறது; ஆனால் குடல் உறிஞ்சக்கூடிய வடிவில் இல்லை. மாறாக, களிமண் துகள்கள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. ஈரானின் ஷீராஸ் நகரில், மண் தின்னும் வழக்கமுள்ள இளைஞர்கள் இரத்தசோகையுடன் வளர்ச்சி குன்றியிருந்ததை 1961இல் டாக்டர் ஆனந்த பிரசாத் முதலானோர் எழுதினர். மண்ணோடு பூச்சி முட்டைகளும் வயிற்றுக்குள் போகும்.

இரத்தசோகையே இந்த ஆசையைத் தூண்டுவதும் உண்டு. எனவே ஏசிப் பயனில்லை. மாமிமாரே, மருமகளை மருத்துவமாதிடம் கூட்டிச் செல்லுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேநீருடன் விழுங்க விடாதீர்கள். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. வாவி மீன் ஒரு துண்டு சேர்ந்தாலே முருங்கை இலையின் இரும்பு கூடுதலாக உடம்பில் ஒட்டும். மண்ணை விடாதவரை அந்தக் குளிசையின் பலனும் குறையும்.