அவள் நீட்டும் கை



நீதிமொழிகள் ஆகமத்தின் 31-ஆம் அதிகாரம் புகழும் நல்ல மனைவியை நீங்கள் அறிவீர்கள். அதை மணப்பெண்ணுக்குரிய புத்திமதி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவதோ, லேமுவேல் அரசனுக்கு அவன் தாய் போதித்த வார்த்தைகளோடு. ஆகவே ஆண்பிள்ளைகளும் காது கொடுக்கத்தான் வேண்டும்!

அப்பெண் நூல் நூற்கிறாள், உடை தைத்து விற்கிறாள், தன் உழைப்பின் பலனால் திராட்சைத் தோட்டம் நாட்டுகிறாள். 20-ஆம் வசனத்தில் அதே கை ஏழையை நோக்கி நீளுகிறது.

இப்படி நீளும் கைகளை நம் கரையும் கண்டதுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம் மக்களில், மன்னாரைச் சேர்ந்த பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்திறங்கினர். புத்தளம் மாவட்டத்து முஸ்லிம் வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்குத் திறந்தன. அத்தகைய வேளையில் அடுப்பில் உலை வைப்பவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

உலையிலிட அரிசி வேண்டும். அரிசிக்குக் காசு வேண்டும். நம் கரையோரப் பெண்கள் வெயிலில் நின்று மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு காயவைக்கிறார்கள். விற்ற காசு யார் கைக்குப் போகிறது? எத்தனை வீடுகளில் அது சாராயத்துக்குப் போகிறது? பிறகு, “இவள் தருமம் செய்வதில்லை” என்று குறை சொல்வது என்ன நியாயம்?

அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுங்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. (இவ்வசனத்தை மட்டும் நாம் வேகமாய் வாசித்துவிடுகிறோம்.)

இன்றிரவு செபமாலைக்குப் பின் 10 முதல் 31 வரையுள்ள வசனங்களை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். வாசிப்பவர் தகப்பனாயிருந்தால் நல்லது.